சாமியை விட்டுட்டு அடுப்படியைப் பாரு

ஏட்டி, முதல்ல அந்த பஜ்ஜியை நிறுத்து. ஆறு மணிக்கு வாசகர் வட்டம்னு நீ சொல்லுத. அஞ்சரைக்கே வந்து முன்வரிசையில உக்காருதவன் வாழைக்கா பஜ்ஜிக்கு வந்தவன். புத்தகத்தைப் படிச்சவன் பிந்தித்தான் வருவான். கடைசி அம்பது பக்கத்தை பஸ்ஸுல வச்சு முடிக்கணும்லா அவனுக்கு.

சரி, சண்டைக்கு வருவோம். பக்தியும் குடும்பமும் கலந்த நாவலாத் தேடி மாசத்துக்கு ஒண்ணு பேசுதியளாம். பாளையங்கோட்டையில இருக்கவளுக்கு அதுக்கு என்ன பஞ்சம்? ஒருபக்கம் வேதக்கோயில் மணி, இன்னொருபக்கம் மேலப்பாளையத்து பாங்கு, ஆத்தைத் தாண்டினா நெல்லையப்பர். உன் கூட்டத்துலயும் மூணு வகையும் இருக்காக. போன மாசம் 'அம்மா வந்தாள்' பேசப்போயி, ஒரு பெரியவரு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாருன்னு உங்க அம்மை சொன்னா. நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு, "தாத்தா, மதம் வராம எப்படிப் பேசுதது?"ன்னு கேக்க.

மதம் வரட்டும்ட்டி. வந்தா ஒரு ஓரமா உக்காரச் சொல்லு. நீங்க எல்லாரும் சேந்து வாசல்லயே நிப்பாட்டி வச்சிருக்கது வேற ஒண்ணு. வீடு.

சாமியைப் பத்திப் பேசச் சொல்லு, ஒவ்வொருத்தனுக்கும் மைக்கு வேண்டாத குரலு வரும். வீட்டைப் பத்திப் பேசச் சொல்லு, தொண்டை கட்டிக்கிடும். எந்திரிச்சுப் போன பெரியவரு வேதத்தைக் காப்பாத்தப் போனாருன்னா நெனைக்க? கதையை யோசிச்சுப் பாரு. தி. ஜானகிராமன் 1966ல எழுதினது. அலங்காரம்னு ஒரு தாயி. அவளுக்குப் புருசனைத் தவிர இன்னொருத்தன் சகவாசம். அந்தப் பாவம் கரையணும்னு, பெத்த பிள்ளை அப்புவைக் காவேரிக்கரை வேதபாடசாலையில கொண்டு விடுதா. அவன் வேதத்தைக் கரைச்சுக் குடிச்சு வந்தா இவ கணக்கு நேராயிரும்னு ஒரு எண்ணம். இதை வச்சுக்கிட்டு உங்க கூட்டத்துல ஒரு மணி நேரம், வேதத்தை இழிவுபடுத்திட்டான், இல்ல உசத்திட்டான்னு மல்லுக்கட்டியிருக்கிய.

அந்த வீட்டுல தண்டபாணின்னு ஒரு ஆளு இருந்தாரே, புருசன். அவரைப் பத்தி ஒருத்தராவது வாயைத் திறந்தியளா? அவருக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் சத்தம் காட்டாம அத்தனை வருசம் அந்த வீட்டுலயே கெடக்காரு. அலங்காரத்தைத் திட்டுததுக்கு உங்க கூட்டத்துல பத்துப் பேரு. தண்டபாணி பேச்சை எடுத்தா அம்புட்டுப் பேருக்கும் இருமல் வந்துரும். கண்டும் காணாம இருக்க சாமர்த்தியம் நம்ம ஊரு தார்சாவுல சாய்ஞ்சு கெடக்க அத்தனை பேருக்கும் தெரிஞ்ச வித்தை. எந்திரிச்சுப் போனவரு எதுக்காகப் போனாருன்னு இப்பப் புரியுதா? எனக்கும் உறுதியாத் தெரியாதுதான். ஆனா அவரு வீட்டு வெவரம் எனக்குக் கொஞ்சம் தெரியும், அது வேற கதை.

அடுத்த தடவை அந்த நாவலை எடுத்தா இப்படிக் கேளு: தன் கணக்கை நேராக்கப் பிள்ளையைச் சாமிக்கு எழுதி வச்ச அம்மை அப்பன் உங்க சாதிசனத்துல யாரும் உண்டா? கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு உக்காரு. முதல்ல ஃபேன் சத்தம் மட்டும் கேக்கும். பொறவு உங்க கூட்டத்துல இருக்க டீச்சரம்மா மெதுவா ஆரம்பிப்பா. அவ சித்தப்பா ஒருத்தரைச் சாமியாராக்குதோம்னு பிறக்கதுக்கு முன்னாலயே நேந்துக்கிட்டதும், அவரு பாதியில செமினரியை விட்டு ஓடியாந்ததும், அவுக அம்மை சாகுத வரைக்கும் அவருகிட்டப் பேசாததும் வரும். மேலப்பாளையத்துப் பையன், குர்ஆனை மனப்பாடமா ஓதவைக்கணும்னு அனுப்பின அவன் மாமா பிள்ளையைப் பத்திச் சொல்லுவான். நம்மாளு ஒருத்தன் பழனிக்கு நேந்த கணக்கை எடுப்பான். அப்பத்தான்ட்டி நீங்க 'அம்மா வந்தாளை'ப் பேச ஆரம்பிக்கிய. அதுவரைக்கும் பேசினது அட்டையை.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரே ஒரு கேள்வியைக் கையில வச்சுக்கோ. இந்த வீட்டுல பக்தி பண்ணுதது யாரு, அதுக்குச் செலவழிக்கது யாரு? உங்க ஆச்சியையே எடுத்துக்கோ. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை விரதம். பச்சைத்தண்ணி பல்லுல படாது. எனக்கு மட்டும் மூணு நேரமும் பொங்கிப் போடுதா. விரதம் அவளுக்கு, புண்ணியத்துல பாதி எனக்கு, சோறு பூராவும் எனக்கு. இந்த யாவாரம் இத்தனை வருசமா நஷ்டமில்லாம ஓடுது. இந்த நாவல் எல்லாம் நான் எப்பப் படிச்சேன்னா கேக்க? அவ கோயிலுக்குப் போயிருக்க நேரத்துலதான்.

இந்த மாசம் 'புத்தம் வீடு'ன்னு சொன்ன. நல்ல தேர்வு. எழுதினவக ஹெப்சிபா ஜேசுதாசன், பர்மாவுல பிறந்து, திருவனந்தபுரத்துல இங்கிலீஷ் பாடம் எடுத்த அம்மா. 1964ல வந்த புத்தகம். கன்னியாகுமரிப் பக்கத்துப் பனங்காட்டுல ஒரு பழைய வேதக்காரக் குடும்பம். பேரும் பெருமையும் இருக்கு, கையில காசு இல்ல. லிஸின்னு ஒரு பிள்ளை. வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டுக்குள்ள இருத்திருதாக. வாரம் பூரா நாலு சுவரு. ஞாயித்துக்கிழமை கோயில் ஒண்ணுதான் வெளி உலகம். அவ மனசு போய் நிக்க இடம் பனையேறி வீட்டுப் பையன் தங்கராஜ். ஒரே ஊரு, ஒரே கோயிலு, கும்பிடுதது ஒரே கர்த்தர். ஆனா பனைக்குச் சொந்தக்காரன் வீட்டுப் பொண்ணு பனையேறி வீட்டுக்குப் போவாளான்னு வந்து நிக்கிது. முடிவை நான் சொல்ல மாட்டேன். உன் கூட்டத்துல பாதிப் பேரு இன்னும் படிச்சிருக்க மாட்டாக, அவுகளுக்கு நான் ஏன் உதவி பண்ணணும்?

ஒண்ணு மட்டும் சொல்லி வைக்கேன். அங்க நம்மாளுகள்ல ஒருத்தன் கண்டிப்பா எந்திரிச்சு, "பாத்தியளா, மதம் மாறினாலும் மேலு கீழு போகலையே"ன்னு சொல்லுவான். சொல்லும்போது அவன் மூஞ்சியப் பாரு. வருத்தமா இருக்கும்னா நெனைக்க? லட்டு கிடைச்ச சந்தோசம் இருக்கும். கல்யாணப் பந்தியில தன் இலையை விட்டுட்டு அடுத்தவன் இலையில என்ன விழுந்துருக்குன்னு எட்டிப் பாக்கான்லா, அந்த ஆளுதான் இவனும். அவன்கிட்ட நீ சண்டை போடாத. "அண்ணாச்சி, உங்க மகளுக்கு மாப்பிள்ளை பாக்க விளம்பரத்துல என்ன போட்டிருந்திய?"ன்னு மரியாதையாக் கேளு. குரல்ல தேன் இருக்கட்டும்.

அதே நேரம் வேதக்காரப் பிள்ளைகளையும் விட்டுராத. அவுகள்ல ஒருத்தி, "அந்தக் காலத்துல அப்படி, இப்பல்லாம் கோயில்ல எல்லாரும் ஒண்ணு"ன்னு சொல்லுவா. அப்ப கல்லறைத் தோட்டம் உங்க ஊர்ல எத்தனைன்னு கேளு. கேட்டுட்டு உடனே டீயைக் குடு.

இந்த மாதிரிப் புத்தகத்தை வெளியாளு எழுதல, கேட்டியா. உள்ள இருந்தவுகதான் எழுதியிருக்காக. தோப்பில் முஹம்மது மீரானை எடுத்துக்கோ. தேங்காப்பட்டணத்துக்காரரு, நம்ம திருநெல்வேலியில வத்தல் யாவாரம் பாத்த மனுசன். மொளகாய் வத்தலைத் தொட்ட கையால எழுதினா எழுத்து எப்படி இருக்கும்? 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை'ல ஊரை ஏய்க்க 'தங்கள்'ங்கிற மதப் பெரியவரையும், ஊரை ஆட்டி வைக்க முதலாளியையும், இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வந்தா தீன், அதாவது மார்க்கம், போயிரும்னு பயந்தவுகளையும் வரிசையா நிறுத்தி வச்சாரு. அது எங்க தொடரா வந்துச்சு தெரியுமா? 'முஸ்லிம் முரசு'ல. 1988ல புத்தகமாச்சு. அவுக பத்திரிகையிலயே அவுகளைக் கேலி பண்ணின கதை வந்துருக்கு, வானம் இடிஞ்சு விழல. உங்க கூட்டத்துல ஒரு வரிக்கு மூஞ்சி சுண்டுதவன்கிட்ட இதைச் சொல்லு.

நான் சொல்லவந்தது அவரோட 'சாய்வு நாற்காலி'. 1997ல சாகித்ய அகாதமி விருது வாங்கின புத்தகம். சௌதா மன்ஸில்னு பெரிய வீடு. முஸ்தபாக்கண்ணு அதுக்கு எசமான். அவன் மூத்தவுக மார்த்தாண்டவர்மா காலத்துல சண்டைக்குப் போனவுகன்னு பெருமை. இவன் போனது நாற்காலிக்கு. ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போட மாட்டான். நாக்குக்கு மட்டும் தினமும் ருசி கேக்கும். வீட்டுல இருக்க மரச்சாமானை ஒண்ணொண்ணா வித்துத் திங்கான். பொஞ்சாதி மரியம் பீவி வாங்குத அடிக்குக் கணக்கில்ல. அந்த அடிக்குன்னு பரம்பரைப் பிரம்பு ஒண்ணு, அதுக்கு மரியாதையா ஒரு பேரு வேற. குடும்பம், மானம், மூத்தவுக, தீனு, எல்லாம் அவன் வாயில மந்திரம் மாதிரி வரும். அடுப்புல ஒண்ணும் இருக்காது.

இதைப் படிச்சுட்டு உன் கூட்டத்து ஆம்பிளைக என்ன செய்வாக? தலையைத் தலையை ஆட்டுவாக. "ச்சே, என்ன கொடுமை, அவுகள்ல இப்படித்தான்"ன்னு இந்துவும் சொல்லுவான், வேதக்காரனும் சொல்லுவான். அந்த 'அவுகள்ல'ங்கிற சொல்லை யாரு சொன்னாலும் அம்பது ரூவா அபராதம் போடு. அடுத்த மாசத்து டீச்செலவு அதுலயே வந்துரும். முஸ்தபாக்கண்ணு நம்ம தெருவுலயே நாலு பேரு இருக்கான்ட்டி. நாற்காலி மட்டும் பிளாஸ்டிக்கு. மூத்தவுக வச்ச தோப்பை வித்து, கோயில் கொடைக்கு முதல் மரியாதை வாங்கின ஒருத்தரை உனக்கே தெரியும். பேரு சொன்னா உங்க அப்பனுக்குக் கோவம் வரும், அவரு நம்ம சொந்தம்.

இப்படித்தான் பேசணும்னு இல்ல, ஆனா இப்படிப் பேசினா ஒருத்தரும் எந்திரிச்சுப் போக மாட்டாக. போனா மாட்டிக்கிட்டாருன்னு அர்த்தமாயிரும்லா.

'மாதொருபாகன்' எடுக்கலாமா வேண்டாமான்னு உங்களுக்குள்ள ஒரு நடுக்கம் இருக்காம். 2010ல வந்த புத்தகம். நாலு வருசம் அது பாட்டுக்குக் கடையில இருந்துச்சு. 2014 டிசம்பர்ல திடீர்னு திருச்செங்கோட்டுல கொதிப்பு, எரிப்பு. அடுத்த மாசம் கடையடைப்பு. பொறவு எழுத்தாளன் செத்துட்டான்னு பெருமாள்முருகனே எழுதி வச்சுட்டு ஒதுங்கினாரு. 2016 ஜூலையில சென்னை உயர்நீதிமன்றம், பிடிக்கலைன்னா படிக்காம தூக்கிப் போட்டுட்டுப் போங்கன்னு சொல்லித் தீர்ப்புக் குடுத்துச்சு. கூச்சல் போட்டவன்ல எத்தனை பேரு படிச்சிருப்பான்னு நான் சொல்லி நீ தெரிஞ்சுக்கணுமா?

படிச்சவளுக்குத் தெரியும். அதுல சாமி ஒரு ராத்திரிதான் வாராரு. மத்த நாள் பூராவும் ஊரு நாக்குதான் வருது. காளிக்கும் பொன்னாவுக்கும் பிள்ளை இல்ல; ஒருத்தர் மேல ஒருத்தர் உசுரா இருக்காக. அது போதாதுன்னு தீர்மானம் பண்ணுதது யாரு? அவ மாமியா, அவளைப் பெத்தவ, கூடப் பிறந்தவன். அத்தனை பேரும் நல்லவுக, அத்தனை பேருக்கும் பாசம். பாசமும் பக்தியும் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா ஒருத்தி எங்க ஓடுவா? அதைப் பேசுங்கட்டி. உங்க கூட்டத்துல கலியாணம் ஆகி மூணு வருசம் ஆன பிள்ளை ஒருத்தி இருக்கால்லா, விசேசத்துக்கே போகாம இருக்கவ? அவளைப் பேசச் சொல்லி வம்பு பண்ணாத. அவ பக்கத்துல உக்காந்திருக்க மாமிமாரு அந்த நாவலைப் படிச்சா அதுவே போதும்.

இன்னொரு யோசனை. அந்தக் கதைக்கு மேக்கொண்டு ரெண்டு புத்தகம் எழுதினாரு, 'ஆலவாயன்', 'அர்த்தநாரி'ன்னு. ஒண்ணுல காளி செத்துப்போறான், இன்னொண்ணுல பிழைச்சுக்கிடுதான். கூட்டத்தை ரெண்டாப் பிரி. பாதிப் பேரு ஒண்ணு, பாதிப் பேரு இன்னொண்ணு. ஆம்பிளை அத்தனை பேரும் காளி பிழைச்ச புத்தகத்தைத்தான் கேப்பான். நீ மாத்திக் குடு.

மதச் சண்டை புதுசா வந்துச்சுன்னு நெனைக்காத, சமாதானமும் புதுசில்ல. தமிழ்ல முதல் நாவல் 1879ல வந்துச்சு, 'பிரதாப முதலியார் சரித்திரம்'. எழுதினது மாயூரத்துல முன்சீப்பா இருந்த வேதநாயகம் பிள்ளை, கத்தோலிக்கரு. அவரு எழுதினது முதலியார் வீட்டுக் கதையை. 'எங்க வீட்டுக்குள்ள உனக்கென்ன வேலை'ன்னு முதலியார்மாரு கோர்ட்டுக்குப் போகல; கோர்ட்டையே நடத்தின மனுசன்கிட்ட என்னத்தை வழக்காடன்னு விட்டிருக்கலாம். எல்லாச் சாமிக்கும் பொதுவா 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'ன்னு பாட்டும் எழுதி வச்சாரு, விவரமான மனுசன். அவரு கதையில கெட்டிக்காரி யாரு? ஞானாம்பாள். ஆம்பிளை வேசத்துல ஒரு நாட்டையே ஆண்டவ. ஆண்டு முடிச்சுட்டு வீட்டுக்குத்தான் திரும்பணும்னு வச்சுட்டாரு, அது அந்தக் காலத்துப் பேனா, அதுக்கு மேல ஓடாது.

இப்ப உன் கூட்டத்துக்கே வாரேன், கோவிச்சுக்கிடாத. போன மாசம் அலங்காரம் பட்ட பாட்டை நீங்க தார்சாவுல வச்சு அலசினப்ப, உள்ள யாரு டம்ளர் கழுவினா? நீயும் அந்த டீச்சரம்மாவும். பெண்ணோட நிலைமையைப் பத்தி இருபது நிமிசம் பேசின அந்த பேங்க் மேனேஜரு, டீ ஆறிப்போச்சுன்னு உள்ள பாத்துக் குரல் குடுத்தாராம். உங்க அம்மை சொன்னா, அவளுக்கு எல்லாம் காதுல விழும். இனிமே எந்த நாவலைப் பேசினாலும், அதுல வார அப்பனுக்காகவோ புருசனுக்காகவோ பரிஞ்சு பேசுதவன்தான் அன்னைக்கு டம்ளர் கழுவணும். தண்டபாணிக்கு வக்கீலு கிடைக்காம போயிருவான்னு பயப்படாத. ஒருத்தன் வருவான், அவனும் அடுப்படியைக் கண்ணால பாத்துட்டுப் போகட்டும்.

அடுத்த மாசத்துக்கு 'கமலாம்பாள் சரித்திரம்' வையி. ராஜமையர், வத்தலக்குண்டுக்காரரு. 1893ல 'விவேக சிந்தாமணி'ல தொடங்கும்போது வயசு இருவத்தொண்ணு. இருவத்தாறுல போய்ச் சேந்துட்டாரு. முதல் பாதியில ஓரகத்திச் சண்டை, மருந்து வைக்கது, பொம்பளைக கூடி ஊரு வம்பை அளக்க வம்பர் மகாசபை. சிரிச்சு மாளாது. ரெண்டாம் பாதியில வேதாந்தம் வந்துரும், குருவைத் தேடிக் கிளம்பிருவாக. முதல் பாதியில சிரிச்சவன் ரெண்டாம் பாதியில கொட்டாவி விடுவான், ரெண்டாம் பாதியை உசத்திப் பேசுதவன் முதல் பாதியைப் படிச்சதா ஒத்துக்கிட மாட்டான். ரெண்டு கூட்டத்தையும் எதிரெதிரா உக்கார வையி. வீட்டுல இடி விழுந்தா ஞானத்தைத் தேடிக் கிளம்ப ஆம்பிளைக்குத் தோள்ல ஒரு துண்டு போதும்ட்டி. பொம்பளை கிளம்பணும்னா பால்காரனுக்குச் சொல்லணும், கோழியை அடைக்கணும், மாமியா மாத்திரையை எடுத்து வைக்கணும். அதைப் பேசிட்டுப் பொறவு வேதாந்தத்துக்குப் போங்க.

அன்னைக்கு நானும் வாரேன். பிளாஸ்டிக் நாற்காலி போதும். உங்க ஆச்சியையும் கூட்டிட்டு வாரேன். அவளுக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும், ஆனா முதல் பாதியை நான் வாசிச்சுக் காட்டியிருக்கேன். அவளை அடுப்படிப் பக்கம் விட்டுராத, நடுவுல உக்கார வையி. நாவல்ல வார ஓரகத்தி பொன்னம்மா பேச்சை மட்டும் கடைசியில எடு. உங்க ஆச்சிக்கு ரெண்டு ஓரகத்தி. ஆரம்பிச்சான்னா நீங்க ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு போயிச் சேர மாட்டிய.